வாங்கிக் குவிப்பவரை ஏசாதீர்கள்

முல்லைத்தீவின் புதுக்குடியிருப்புப் பக்கம் எனக்கு வேண்டிய அக்கா ஒருவரின் அலுமாரியில் பதினான்கு சேலைகள் இருக்கின்றன. ஒன்றின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை, விலைச்சீட்டும் அப்படியே தொங்குகிறது. எல்லாம் இரவில் பேஸ்புக் லைவ் பார்த்து எடுத்தவை. "பார்சல் வருமட்டும் நெஞ்சு படபடக்கும் தம்பி. கைக்கு வந்தவுடன ஒண்டுமில்லை" என்றார்.

தேவையில்லாமல் வாங்கிக் குவிக்கும் இந்த நோயின் சாரம் அந்த இரண்டு வசனங்களில் இருக்கிறது. மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற இரசாயனம் பொங்குவது பெரும்பாலும் காத்திருக்கும் நேரத்தில்தான். சாமான் வந்ததும் அது அடங்கிவிடும், மனம் அடுத்ததைத் தேடும். எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் நூறு வருடங்களுக்கு முன்பே இதை எழுதிவைத்தார். ஆனாலும் நாங்கள் இன்னும் 'ஊதாரி', 'திமிர்' என்று ஏசுகிறோம். முதல் தவறு அதுதான். ஏச்சு வாங்கிய மனம் நோகும், அந்த நோவை ஆற்ற இன்னொரு பார்சல் வரும், இந்த முறை ஒளித்து.

எங்கள் மண்ணில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு. 2009இல் போரின் முடிவில் உடுத்த உடுப்போடு செட்டிகுளம் முகாம்களுக்கு வந்த சனம் நாங்கள். திரும்பி வந்த ஊரில் ஏ9 வீதியோரம் லீசிங் கந்தோர்களும் தவணைக்குச் சாமான் தரும் கடைகளும் முளைத்தன. எல்லாம் இழந்தவர் புதிதாக ஒன்று வாங்கி ஆசையோடு தடவிப் பார்ப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வாங்கியதைப் பாவிக்காமலே அடுத்ததை வாங்கினால், அப்போது கவனிக்க வேண்டும்.

கமக்காரர் வீடுகளில் நடக்கும் தவறு வேறு. காலபோக அறுவடை முடிந்து காசு மொத்தமாகக் கைக்கு வந்ததும் முற்பணம் கட்டி மோட்டார் சைக்கிள், பெரிய டிவி என்று எடுத்துவிடுவார்கள். தவணை மாதாமாதம் வரும், நெல் வராது. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டுமே! பிறகு தவணை கட்டக் கிழமைக் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். தொழிலுக்கென்று எடுத்த நுண்கடனே எத்தனை பெண்களை நெரித்தது! 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க வேண்டிவந்தது. அப்படியான சுமைக்கு மேல் ஆசைக்கு ஒரு கடன் வேண்டாம்.

வீட்டார் நல்ல மனதோடு செய்யும் பிழையும் உண்டு. நகையை அடகு வைத்து, சத்தமில்லாமல் கடனைக் கட்டிவிடுவார்கள். கடன் போகும், காரணம் போகாது. இந்தப் பழக்கத்தோடு மனச்சோர்வும் பதற்றமும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். கட்டத்தான் வேண்டுமென்றால் கட்டுங்கள், கூடவே இருந்து கதையுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வெட்கப்பட வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சரி, அந்த அக்கா? இரவு எட்டு மணிக்கு லைவ் தொடங்கும்போது போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடுகிறார். போன வெள்ளிக்கிழமை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிவிட்டாராம். தங்கச்சி ஏசவில்லை, பக்கத்தில் இருந்து சேர்ந்து பார்த்தாராம். அன்று ஒரு சேலைதான் எடுத்தார்கள்.