எம்சி எத்தனை நாள் கிடைக்கும், சம்பளம் வெட்டாமல் எப்படி எடுப்பது

போன வருடம் சிங்கப்பூரில் எங்கள் டார்மில் (தொழிலாளர் விடுதியில்) ஒரு தம்பிக்குக் காய்ச்சல். விடியற்காலை லாரி ஏற வேண்டிய நேரத்தில் அவனால் எழுந்து உட்காரவே முடியவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் படுத்தான், மதியம் கிளினிக் போய் 2 நாள் எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கினான், அந்தச் சீட்டைப் பர்சில் மடித்து வைத்தவன் அப்புறம் அதை வெளியே எடுக்கவே இல்லை. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் 2 நாள் ஆப்சென்ட், காசு வெட்டியாகிவிட்டது. "எனக்கு எம்சி உண்டா அண்ணே? வந்து 5 மாதம்தானே ஆகிறது?" என்று கேட்டான். இதே கேள்வி நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சேர்ந்து 3 மாதம் முடிந்திருந்தால் சம்பளத்தோடு 5 நாள் எம்சி, 4 மாதம் என்றால் 8, 5 மாதம் என்றால் 11, 6 மாதம் ஆகிவிட்டால் வருடத்துக்கு 14 நாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் இதே வரிசையில் 15, 30, 45, 60. வேலை பெர்மிட்டில் இருப்பவர், எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதி) வைத்திருப்பவர், சிங்கப்பூர்க்காரர், ஆபீஸ் மேனேஜர் எல்லாருக்கும் ஒரே கணக்குதான். வேலை நியமனச் சட்டத்துக்குள் வராத வீட்டுப் பணிப்பெண்கள், கடலோடிகள், அரசாங்க ஊழியர்கள் கணக்கு மட்டும் தனி. கம்பெனி இதற்கு மேல் கொடுக்கலாம், குறைக்க முடியாது. ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 7 நாள்தான் என்று எழுதி நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் அது செல்லாது.

பலர் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. 14-ம் 60-ம் சேர்ந்து 74 நாள் இல்லை, அந்த 60-க்குள்ளேயேதான் இந்த 14 அடக்கம். 14 நாளையும் சாதாரணக் காய்ச்சல் தலைவலிக்கே எடுத்து முடித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு மிச்சம் 46. அதே மாதிரி ஞாயிறு உங்களுக்கு ஓய்வு நாள், டாக்டர் சனி, ஞாயிறு, திங்கள் என்று 3 நாள் எழுதிக் கொடுத்தார் என்றால் கணக்கில் கழிவது 2 நாள்தான், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் அந்த நாட்களை எம்சியாக மாற்றித் தர வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை.

சரி, எடுப்பது எப்படி? வேலைக்குப் போகாத நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி இல்லாமல் நின்றதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். போனில் சொன்னாலும் அதோடு நிறுத்தாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போடுங்கள்: "சார், காய்ச்சல், இன்று வேலைக்கு வர முடியவில்லை, கிளினிக் போகிறேன்." எம்சி கையில் வந்ததும் கிளினிக் வாசலிலேயே போட்டோ எடுத்து அதே மெசேஜுக்குக் கீழே அனுப்பிவிடுங்கள். தேதி, நேரம் எல்லாம் அதிலேயே பதிந்துவிடும். சூப்பர்வைசர் ஆபீசுக்குச் சொல்ல மறந்தாலும் பாதிக்கப்படுவது நீங்கள்தானே, அதனால் ஆபீஸ் எண்ணுக்கும் ஒன்று போடுவது நல்லது.

கம்பெனி டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று இன்னும் சில இடங்களில் சொல்கிறார்கள். 2019 ஏப்ரலிலிருந்து அப்படி இல்லை. இங்கே பதிவு பெற்ற எந்த டாக்டர் கொடுத்த எம்சியையும், பல் டாக்டர் கொடுத்ததையும்கூட, ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் டாக்டர் பார்க்கும் கட்டணத்தைக் கம்பெனி தர வேண்டுமென்றால் அது பாலிகிளினிக் மாதிரி அரசாங்க இடமாகவோ கம்பெனி வைத்திருக்கும் கிளினிக்காகவோ இருக்க வேண்டும், நீங்களும் 3 மாதம் முடித்திருக்க வேண்டும். பெர்மிட், எஸ் பாஸ்காரர்களுக்குக் கம்பெனி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அது வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆஸ்பத்திரி என்று வரும்போது "செலவாகிவிடுமே" என்று பயந்து ரூமில் முடங்கிக் கிடக்காதீர்கள்.

வேலையில் அடிபட்டால் விஷயமே வேறு. 3 மாதக் கணக்கெல்லாம் அங்கே கிடையாது, முதல் நாளே அடிபட்டாலும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்கு உண்டு. எம்சி நாட்களில் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம், ஆஸ்பத்திரி என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருடம் வரை. டாக்டர் கேட்டால் எங்கே, எப்படி அடிபட்டது என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லச் சொல்லி யார் கேட்டாலும் கேட்காதீர்கள், அந்த ஒரு வார்த்தையால் மொத்த இழப்பீடும் போய்விடலாம்.

அந்தத் தம்பிக்கு 11 நாள் உரிமை இருந்தது. கசங்கின எம்சியையும், அன்று காலை சூப்பர்வைசருக்குப் போன் போட்டது பதிவாகி இருந்த போன் திரையையும் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினோம். அடுத்த மாதச் சம்பளத்தில் வெட்டிய காசு வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் டாடம் (TADM) என்கிற சமரச அமைப்பில் புகார் கொடுத்திருப்போம். வேலையில் இருக்கும்போது பிரச்சினை நடந்து ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அங்கே போய்விட வேண்டும். சம்பளச் சீட்டு, எம்சி, வாட்ஸ்அப் மெசேஜ் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.