மூன்று நற்செய்திகளை ஒப்பிட மூன்று பத்தி, இரண்டு பென்சில்

மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் தனித்தனியே வாசிக்காதீர்கள். ஒரே நிகழ்ச்சியை மூன்று பத்திகளாக அருகருகே வைத்து, மூன்றிலும் வரும் சொற்களைச் சிவப்பிலும், மாற்கில் இல்லாமல் மற்ற இரண்டில் மட்டும் வருபவற்றை நீலத்திலும் அடிக்கோடிடுங்கள்.

திமிர்வாதக்காரன் குணமாகும் பகுதியில் (மாற்கு 2:10, மத்தேயு 9:6, லூக்கா 5:24) இயேசுவின் பேச்சு மூன்றிலும் ஒரே இடத்தில் பாதியில் நின்று, அவனிடம் திரும்புகிறது. வாய்மொழி நினைவு இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவது அரிது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்ட தடம் இது. நீலமோ போதனைகளில் திரளும். மத்தேயு 3:7-10, லூக்கா 3:7-9 பாருங்கள், அழகான சான்று! மத்தேயுவும் லூக்காவும் இன்று கிடைக்காத ஒரு பொது மூலத்தைப் பயன்படுத்தினார்கள் என்னும் 'கியூ' மூலக் கருதுகோளுக்கு இத்தகைய பகுதிகளே அடிப்படை.

நான்காவது நற்செய்தியான யோவானுக்கு இம்முறை பெரிதாக உதவாது. ஒரே கிரேக்கச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பில் வேறு வேறு தமிழ்ச் சொற்கள் வரலாம் என்பதால், நுண்ணிய முடிவுகளுக்குக் கிரேக்க மூலம் வேண்டும்.