பச்சைப் படலம் நீலமானால் அது வாயுதானா? பாலிஅனிலின் சென்சாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் இறுதியாண்டு புராஜெக்டுகளில் பாலிஅனிலின் வாயு சென்சாரை அடிக்கடி பார்க்கிறேன். பாலிஅனிலின் என்ற மின்கடத்தும் பாலிமரைக் கண்ணாடிச் சிலைடில் படலமாகப் படியவைத்து, அமோனியா பட்டால் அதன் மின்தடை மாறுவதை அளப்பார்கள். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் மின்கடத்தும் பாலிமருக்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவரும் 2000-இல் வாங்கிய நோபல் பரிசு தவறாமல் இருக்கும். அளவெடுத்த அன்று லேபில் ஈரப்பதம் எவ்வளவு என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. நானும் அப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்தவன்தான்.

விஷயம் எளிது. பச்சையாக இருக்கும் பாலிஅனிலினில் அமிலம் கொடுத்த புரோட்டான் இருப்பதால் மின்சாரம் கடக்கிறது. அமோனியா வந்து அந்தப் புரோட்டானைப் பறித்துக்கொண்டால் படலம் நீலத்தை நோக்கிப் போகும், மின்தடை ஏறும். சரி, ஆனால் அமிலத்தைப் பறிக்கிற எதுவும் இதே வேலையைச் செய்யும் என்பதை மறந்துவிடுகிறோம்.

முதல் திருடன் குழாய்த் தண்ணீர். நம்ம ஊர் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதில் பைகார்பனேட் நிறைய. அதில் சிலைடை அலசினால் அமோனியா பாட்டிலைத் திறக்கும் முன்பே படலம் நீலம் தட்டிவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. காய்ச்சி வடித்த தண்ணீரிலும் திரும்பத் திரும்ப அலசக் கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, நிழலில் உலரவிடுங்கள்.

தயாரிக்கும்போது ஐஸ் வேண்டும், 0 முதல் 5 டிகிரிக்குள். சித்திரை வெயிலில் மேஜை மேலேயே மூலப்பொருளான அனிலினில், அதைப் பாலிமராக்கும் பெர்சல்பேட்டைக் கொட்டினால் கலவை சூடேறி, படலத்துக்குப் பதில் பொடிதான் மிஞ்சும். பெர்சல்பேட் மோல் கணக்கில் அனிலினைப் போல ஒன்றேகால் மடங்கு போதும். கலவை பச்சையானதும் சிலைடை எடுத்துவிடுங்கள், தடித்த படலத்துக்குள் வாயு மெதுவாகத்தான் நுழையும். அப்புறம், அனிலின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மின்வாய்க்குத் தாமிரம் வேண்டாம், அமிலம் அரித்துவிடும். கார்பன் பேஸ்ட் போதும்.

பெரிய தவறு வாயுவின் அளவில்தான் நடக்கிறது. 25 சதவீத அமோனியா கரைசலில் ஒரு சொட்டை, அதாவது சுமார் 50 மைக்ரோலிட்டரை, 1 லிட்டர் ஜாடிக்குள் விட்டு, அது முழுக்க ஆவியானால் 16,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) வரை போகும். எட்டு மணி நேரம் வேலை செய்கிற இடத்துக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 25 பிபிஎம்தான். 16,000-க்கு சென்சாரே தேவையில்லை, மூக்கே போதும், கண்ணும் எரியும்.

சரி, கரைசலை நூறு மடங்கு நீர்த்து 1 மைக்ரோலிட்டர் விடுகிறோம் என்று வையுங்கள். அமோனியா சுமார் 3 பிபிஎம் வரும். கூடவே ஆவியாகும் தண்ணீரோ 1,300 பிபிஎம்மைத் தாண்டும்! ஈரம் பட்டால் பாலிஅனிலினின் மின்தடை பெரும்பாலும் இறங்கும், அமோனியாவுக்கு ஏறும், ஆக ஒரே ஜாடிக்குள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. அதனால் அதே அளவு வெறும் தண்ணீரை விட்டு ஒரு தடவை அளந்தே ஆகவேண்டும். நான் அளக்கவில்லை. பங்குனியில் எடுத்த அளவும் ஐப்பசி மழையில் எடுத்த அளவும் ஏன் ஒட்டவில்லை என்று இரண்டு வாரம் மல்டிமீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சூட்டுக்கும் மின்தடை இறங்கும் என்பதால், வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

வாயுவை எடுத்த பிறகு மின்தடை எண் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் படலத்தைச் சூடாக்கிப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. அளவு மீறினால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஆவியாகி ஓடிவிடும். அதற்குப் பதில் கேம்பர் சல்போனிக் அமிலம் சேர்த்திருந்தால் அது அவ்வளவு எளிதில் பறக்காது.

கடைசியாக, 'அமோனியாவை மட்டும் கண்டறியும் சென்சார்' என்ற தலைப்பு. ராமேஸ்வரம் பக்கமிருந்து வந்த கடல் மீன் துண்டு ஒன்றை ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு, பிறகு ஜாடிக்குள் போட்டேன். கண்மாய் மீனைவிடக் கடல் மீன் கெடும்போதுதான் டிரைமெத்தில் அமீன் அதிகம் வரும், அதுவும் புரோட்டானைப் பறிக்கிற காரம்தான். எண் ஏறியது. தலைப்பில் இருந்த 'மட்டும்' என்ற சொல்லை அன்றே அடித்துவிட்டேன்.