ஒரு கேள்வி சமூகவியலுக்கு உரியதா? கண்டுபிடிக்கும் வழி

பாடப்பொருளை வைத்துத் துறைகளைப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். குடும்பம், வேலை, தேர்தல் எல்லாவற்றையும் எல்லாத் துறைகளும்தான் ஆராய்கின்றன. கேள்வி யாரைப் பற்றியது, தனி ஆளையா, குழுவையா என்று முதலில் பாருங்கள்.

தற்கொலையை எடுத்துக்கொள்வோம். இந்த மனிதர் ஏன் இறந்தார் என்பது உளவியலின் கேள்வி. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் கேட்டது வேறு: ஆட்கள் மாறினாலும் ஒரு சமூகத்தின் தற்கொலை விகிதம் மட்டும் ஏன் ஆண்டுதோறும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது? புராட்டஸ்டன்ட் பகுதிகளில் கத்தோலிக்கப் பகுதிகளைவிட ஏன் கூடுதல்? விடையை மனநிலையில் அல்ல, குழுப் பிணைப்பின் வலுவில் தேடினார்.

அடுத்து, விளக்கம் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். விலை, வருமானம் என்றால் பெரும்பாலும் பொருளியல். அரசு, ஆட்சியதிகாரம் என்றால் அரசியல் அறிவியல். மானிடவியலோடுதான் எல்லை மங்கல். மக்களோடு தங்கி நெடுங்காலம் கவனிக்கும் களப்பணி அதன் முத்திரை என்பார்கள், சமூகவியலாளரும் அதைச் செய்வதுண்டு.

பலர் சறுக்குவது, குழு விகிதத்தைத் தனி ஆள்மேல் ஏற்றும் இடத்தில். புராட்டஸ்டன்ட்டுகள் மிகுந்த மாவட்டத்தில் விகிதம் உயர்ந்தால், இறந்தவர்கள் புராட்டஸ்டன்ட்டுகள்தான் என்று ஆகிவிடாது. துர்கைம் மீதே இந்தக் குறை சொல்லப்பட்டது. தனிநபர் தரவு கிடைக்காவிட்டால், முடிவைக் குழு அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.