ரீவி திருத்தப்போய் ரீவியைக் கெடுக்கிற தவறுகள்

வீட்டில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவரப்படும் தட்டை ரீவிக்கு அனேகமாக இரண்டு பழுது இருக்கும். ஒன்று தானாக வந்தது. மற்றது பின்மூடியைக் கழற்றிய கை வைத்தது. முதலாவது ஒரு பியூஸோ, மின்னைச் சேமித்து வைக்கும் கப்பாசிற்றரோவாக இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் பனல், அதாவது படம் தெரிகிற திரைக் கண்ணாடி. பனல் போனால் அதை மாற்றுகிற செலவு புது ரீவி விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

ஆனபடியால் எடுத்த எடுப்பிலேயே ஸ்குறூ டிறைவரைத் தூக்காதீர்கள். சிவப்பு லைற்றே இல்லையென்றால் முதலில் 13 அம்பியர் சதுரப்பின் பிளக்கைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னப் பியூஸைப் பாருங்கள். லைற் எரிகிறது, ஆனால் றிமோட்டுக்கு அசையவில்லையா? றிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கமெராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அமத்துங்கள். ஊதா வெளிச்சம் மினுங்கினால் றிமோட் வேலை செய்கிறது.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் படத்தையும் சத்தத்தையும் கையாளும் மெயின் போட் போய்விட்டதென்று முடிவுகட்டி அதை வாங்க ஓடுவோர் உண்டு. அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரைக்குக் கிட்டச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பனலும் மெயின் போட்டும் நல்லாயிருக்கின்றன. போனது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் எல்.ஈ.டி. பக்லைற், அல்லது அதை ஓட்டுகிற பகுதி. இன்னொன்று, திரையில் பால்நிற வட்டப் புள்ளிகள். பார்த்தவுடன் பனல் முடிந்தது என்பார்கள். எல்.ஈ.டி.க்கு மேல் ஒட்டியிருந்த குட்டி லென்ஸ் பசை காய்ந்து விழுந்தாலே அப்படித் தெரியும்.

பிளக்கைக் கழற்றினாலும் கரண்ட் இருக்கும்

ரீவிக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் போட்டில் நிற்கும் பெரிய கப்பாசிற்றர், நேரோட்டமாக மாற்றப்பட்ட 230 வோல்ற்றைப் பிடித்து வைப்பது. சாதாரண போட்டில் அதில் 325 வோல்ற் அளவுக்கு இருக்கும். பெரிய ரீவிகளில் 380 முதல் 400 வரை போகும். பிளக்கைக் கழற்றி நெடுநேரமானாலும், போட் பழுதாக இருந்தால் அது இறங்காமல் நிற்கலாம். இதை ஸ்குறூ டிறைவரால் குறுக்கே தொட்டு இறக்குவது பரவலான பழக்கம். டிறைவரின் நுனி உருகும், போட்டின் செப்புத்தடம் பிளந்து போகும், கண்ணுக்கும் தெறிக்கும். 10 கிலோ ஓம், 5 வாற் றெசிஸ்ரர் ஒன்றின் இரண்டு காலிலும் காப்பிட்ட வயர் பற்றவைத்து, கப்பாசிற்றரின் இரு முனையிலும் 10 செக்கன் பிடியுங்கள். பிறகு மீற்றரை வைத்து 10 வோல்ற்றுக்குக் கீழே வந்ததா என்று பார்த்த பிறகுதான் கையை வையுங்கள்.

ரிப் சுவிச் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். அது மண்ணுக்குக் கசிகிற கரண்ட்டுக்குத்தான் விழும். கப்பாசிற்றரின் இரு முனையையும் இரு கையால் தொட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது.

அளக்கும்போது நடக்கிற பிழை வேறு. போட்டில் ஒரு வெள்ளைக் கோடு போகும். அதற்கு ஒருபக்கம் மெயின்ஸோடு நேரே தொடுத்த சூடான பக்கம், மற்றது ரீவியின் சட்டத்தோடு சேர்ந்த குளிர்ந்த பக்கம். மீற்றரின் கறுப்பு முனையைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு சூடான பக்கத்தை அளந்தால் வருகிற எண்ணுக்குப் பொருளில்லை. அதை நம்பி நல்ல சாமானைக் கழற்றி எறிவார்கள்.

பியூஸ் சும்மா போவதில்லை

போட்டிலுள்ள பியூஸ் கறுத்து வெடித்திருந்தால் உள்ளே எங்கோ சோட், அதாவது கரண்ட் குறுக்குவழியில் பாய்கிறது. கரண்ட்டை நேரோட்டமாக்கும் பிறிட்ஜ் டயோட், சுவிச்போல வேலைசெய்யும் மொஸ்பெற், இடிக்குப் பிறகென்றால் மிகை வோல்ற்றை உறிஞ்சுகிற, நீலத் தட்டுப்போல இருக்கும் வரிஸ்ரர், இந்த மூன்றையும் கரண்ட் இல்லாமல் மீற்றரால் பாருங்கள். செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பது பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆனால் பழையதில் T3.15A 250V என்றிருக்க, கைக்கு வந்த வேறொன்றைப் போடுவதும் பிழைதான். T என்பது தாமதித்து எரிகிற வகை. வேகவகையைப் போட்டால் போட் நல்லாயிருந்தாலும் ஓன் பண்ணுகிற கணத்தில் எரிந்துவிடும்.

புதுப் பியூஸைப் போட்டு நேரே பிளக்கில் குத்தாதீர்கள். எக்ஸ்ரென்சன் வயர் ஒன்றின் லைவ் வயரை வெட்டி, இடையில் 60 வாற் பழைய இழைக்குமிழ் ஒன்றைக் கொழுவி அதனூடாகக் கொடுங்கள். எல்.ஈ.டி. குமிழ் சரிவராது. குமிழ் ஒருதரம் பளிச்சிட்டு மங்கினால் சோட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் சோட் இன்னும் உள்ளே இருக்கிறது, போட்டும் புதுப் பியூஸும் தப்பின. இது ஸ்ராண்ட்பை, அதாவது சிவப்பு லைற் மட்டும் எரிகிற நிலை வரைக்குமான சோதனை. குமிழோடு ரீவியை முழுதாக ஓடவைக்கப் பார்த்தால் அது நின்று நின்று எடுக்கும், அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

வீங்கின கப்பாசிற்றரை மாற்றுவது எளிது. அதே மைக்குறோபரட், அதே அல்லது ஒருபடி கூடிய வோல்ற், 105 பாகை என்று அச்சிட்டது. ரேடியோவிலிருந்து கழற்றின 85 பாகைச் சாமான் பவர் போட்டின் வெக்கைக்குத் தாக்குப்பிடிக்காது. கோடு போட்ட பக்கம் மைனஸ்.

பக்லைற்

வீட்டில் செய்யக்கூடியது, ஆனால் பனல் உடைவதும் இங்கேதான். 32 அங்குலமென்றாலும் இரண்டு பேர் வேண்டும். பனலின் ஓரத்தில் மெல்லிய றிபன்கள் நேரே கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ஒன்று கிழிந்தால் திரையில் நிரந்தரக் கோடு, அதை ஈயம் வைத்து ஒட்ட முடியாது. பனலைத் தூக்கியபின் சுவரில் சாய்க்காமல், மேசையில் சுத்தமான போர்வை விரித்துப் படுக்கவையுங்கள். மின்விசிறியை நிற்பாட்டிவிடுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் யன்னலையும் சாத்துங்கள், பனலுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் தாள்களுக்கிடையில் தூசி போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு. தாள்களின் ஒரே மூலையில் மார்க்கரால் அடையாளம் வைத்து, எடுத்த ஒழுங்கிலேயே திருப்பிப் போடுங்கள்.

எல்.ஈ.டி.களை மல்ரிமீற்றரின் டயோட் நிலையில் வைத்து, எரியவில்லை எல்லாம் போய்விட்டன என்பார்கள். பல மீற்றர் அதில் 3 வோல்ற்கூடக் கொடாது, 6 வோல்ற் எல்.ஈ.டி. எப்படி எரியும்? பக்லைற் ரெஸ்ரர் தேவை. எல்.ஈ.டி.கள் வரிசையாக உள்ள ஒரு பட்டியில் ஒன்று போனாலும் தொடரிலுள்ள எல்லாம் அணையும். போன ஒன்றை மட்டும் மாற்றினால் அதோடு வயதான மற்றவை அடுத்தடுத்துப் போகும், முழு செற்றையும் மாற்றுங்கள். நீளம் சரியென்று 6 வோல்ற்றுக்குப் பதில் 3 வோல்ற் பட்டியைப் பூட்டாதீர்கள். பூட்டி முடிந்ததும் மெனுவில் பக்லைற்றை 60, 70க்கு இறக்கிவிடுங்கள். 100இல் ஓடினதே பழையது போனதற்குக் காரணமாயிருக்கலாம்.

போட் வாங்கும்போது ரீவியின் மொடல் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மொடலில் வேறு வேறு பனல் வரும். போட்டில் ஒட்டியிருக்கும் எண்ணும் பனலின் பின்னால் உள்ள எண்ணும் வேண்டும். பொருந்தாத மெயின் போட்டில் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ வரலாம்.

திரையைத் துடைக்கத் திரவத்தை நேரே அடிப்பதும் ரீவியைக் கொல்லும். வழிந்து கீழ் விளிம்புக்குப் போய், அங்கேயுள்ள றிபன்களை நனைக்கும். துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். காரைநகர், வல்வெட்டித்துறை போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்றால் கேபிள் பின்கள் பச்சை பிடிக்கும். அதற்கு ஐசோபுறொப்பைல் அற்ககோல் போதும், பெற்றோல் வேண்டாம். றிபன் கேபிளை இழுக்கமுன் அது செருகியிருக்கும் இடத்திலுள்ள பூட்டை நிமிர்த்துங்கள்.

இடிக்குப் பிறகு பவர் போட்டை மட்டும் மாற்றி ஏமாறுவோரும் உண்டு. பிளக்கைக் கழற்றியிருந்தும் டிஷ் கேபிள் வழியாகவோ எச்.டி.எம்.ஐ. வழியாகவோ வந்து மெயின் போட்டை எரித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டால் பிளக்கோடு டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.