கால் நகத்துல இருக்கறது ஃபங்கஸா இல்ல ஷூ பண்ண வேலையா, அப்படியே சுளுக்கு, குதிகால் வலிக்கும் என்ன பண்றது

ஓடுறவங்க, ஃபுட்பால் பேட்மிண்டன்னு விளையாடுறவங்க நிறைய பேரு கட்டைவிரல் நகம் நிறம் மாறினா உடனே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு ஃபங்கஸ் கிரீம் வாங்கிட்டு வந்து மாசக்கணக்கா தடவிட்டு, ஒண்ணுமே ஆகலையேன்னு புலம்புவாங்க. பாத்தா ஃபங்கஸ் மாதிரி தெரியற நகங்கள்ல சுமாரா பாதிலதான் நிஜமாவே ஃபங்கஸ் இருக்கும், மீதியெல்லாம் ஷூ இடிச்சது, பழைய அடி, சொரியாசிஸ், வயசானதுன்னு வேற ஏதோ ஒண்ணு. அதனால மருந்து அப்புறம், மொதல்ல என்னன்னு பாருங்க.

ஷூவால வர்றது பெரும்பாலும் திடீர்னு தெரியும். ஒரு நீளமான ஓட்டம் முடிச்சுட்டு சாக்ஸ் கழட்டுனா நகத்துக்கு அடியில கருநீலமா ரத்தம் கட்டியிருக்கும், போகப்போக கறுப்பாயிடும். இத கண்டுபிடிக்க ஈஸியான வழி, இன்னிக்கே நகத்த ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ரெண்டு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. கால் கட்டைவிரல் நகம் மாசத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மாதிரிதான் வளரும், ரத்தக்கட்டா இருந்தா அந்தக் கறை அந்த அளவுக்கு நுனிப் பக்கமா நகர்ந்து பின்னாடி நல்ல நகம் எட்டிப்பாக்கும். நகரவே இல்ல, இல்லன்னா அடியே படாம நீளவாக்குல ஒரு கறுப்புக் கோடு வந்து அகலமாகுது, நகத்த ஒட்டுன தோலுக்கும் கறுப்பு பரவுதுன்னா தள்ளிப்போடாம ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டுங்க, அபூர்வம்தான், ஆனா தோல் புற்றுநோய் இப்படியும் வரும். அடிபட்ட அன்னிக்கே தாங்க முடியாத அளவுக்கு விண்ணு விண்ணுன்னு வலிச்சா டாக்டர் நகத்துல சின்னதா ஓட்டை போட்டு ரத்தத்த வெளிய எடுத்துடுவாரு, ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள போனாத்தான் பிரயோஜனம். வீட்டுல ஊசியச் சூடு பண்ணி குத்துற வீடியோவெல்லாம் பாத்து ட்ரை பண்ணாதீங்க.

ஃபங்கஸ் இப்படி திடீர்னு வராது. நகத்தோட நுனியிலயோ ஓரத்துலயோ மஞ்சளா வெள்ளையா ஆரம்பிச்சு மெதுவா உள்ள போகும், நகம் தடிச்சு, அடியில மாவு மாதிரி உதிரும், நகவெட்டியில வெட்டுனா பொடிப்பொடியா வரும். கூடவே நாலாவது அஞ்சாவது விரல் இடுக்கப் பாருங்க, அங்க தோல் வெள்ளையா ஊறி வெடிச்சு அரிச்சா அது சேத்துப்புண், நகத்துக்கு ஏறுனது பெரும்பாலும் அங்கேருந்துதான். நெறய பேருக்கு ரெண்டுக்கும் காரணம் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம்ங்கற ஒரே பூஞ்சைதான்.

சந்தேகம்னா நகத்தச் சுரண்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. வெறும் நுனிய வெட்டிக் குடுத்தா சரியா தெரியாது, நல்ல நகமும் கெட்ட நகமும் சேர்ற இடத்துல அடியில இருக்கற அந்தப் பொடிதான் வேணும். கிரீம் தடவிக்கிட்டிருந்தா எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டுக்கோங்க, இல்லன்னா ஃபங்கஸ் இருந்தும் இல்லன்னு ரிசல்ட் வரலாம்.

இப்ப மருந்து. சாதாரண கிரீம் தடிச்ச நகத்துக்குள்ள இறங்காது, அதான் மாசக்கணக்கா தடவியும் வேலை செய்யல. லேசா நுனியில மட்டும் இருந்தா அமோரோல்ஃபின் 5 சதவீதம்னு நெயில் பாலிஷ் மாதிரி பூசுற மருந்து இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. பூசறதுக்கு முன்னாடி நகத்தோட மேல்பக்கத்த நல்லா அரத்தால தேய்ச்சு, ஸ்பிரிட்டால தொடச்சு, காஞ்சப்புறம் பூசணும், இந்தத் தேய்க்கற வேலைய விட்டுட்டு பூசுனா காசு வீண். அந்த அரத்த நல்ல நகத்துல வைக்கக் கூடாது. நகத்தோட வேர் வரைக்கும் போயிடுச்சு, நாலஞ்சு நகத்துல இருக்குன்னா மாத்திரைதான் வழி, டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினமும் ஒண்ணு, கால் நகத்துக்கு வழக்கமா 12 வாரம். இத டாக்டர் எழுதிக் குடுக்காம நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க, கல்லீரல் பிரச்சனை இருக்கறவங்களுக்கு ஆகாது, பொதுவா மொதல்ல ரத்த டெஸ்ட் எடுப்பாங்க. இட்ராகோனசோல்னு இன்னொண்ணு இருக்கு, இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு அது கூடாது, வேற பல மாத்திரைகளோட சேர்த்துப் போட்டாலும் தகராறு பண்ணும்.

நெறய பேரு தோத்துப்போறது இங்கதான்: மாத்திரை முடிஞ்சும் நகம் அசிங்கமாவேதான் இருக்கும். கெட்ட நகம் நல்லாகாது, பின்னாடிலேருந்து புது நகம் வளர்ந்து அத வெளிய தள்ளணும், அதுக்கு 12லேருந்து 18 மாசம் ஆகும். வேர்ப்பக்கம் தெளிவா புது நகம் வருதான்னு மட்டும் பாருங்க, வந்தா மருந்து வேலை செய்யுது. வினிகர், பூண்டு, பல்பொடின்னு நெட்ல சுத்துறதுக்கெல்லாம் பெருசா ஆதாரம் கிடையாது, என்னைக் கேட்டா அந்த நேரத்துல நகத்த ஒழுங்கா தேய்ச்சாலே போதும்.

திரும்ப வர்றது ரொம்ப சகஜம். சேத்துப்புண்ணுக்கு டெர்பினாஃபின் இல்லன்னா க்ளோட்ரிமசோல் கிரீம் போட்டு மொதல்ல அத ஒழிங்க, ஸ்டீராய்டு கலந்த கிரீம் மட்டும் வேண்டாம், அரிப்பு அடங்கிடும், உள்ள பூஞ்சை ஜம்முனு பரவும். குளிச்சதும் விரலிடுக்க தொடைங்க, ஈர ஷூவ மறுநாளே போடாதீங்க, ரெண்டு ஜோடி மாத்தி மாத்திப் போட்டா நல்லது. ஷூவுல நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், நகத்த நேரா வெட்டணும். சுகர் இருக்கறவங்க, கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கறவங்க இதுல எதையும் தானா பண்ணாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

சரி, சுளுக்குக்கு வருவோம். கணுக்கால் உள்பக்கமா மடங்கி வெளிப்பக்கம் வீங்குறதுதான் ரொம்ப சாதாரணமா நடக்கறது. எக்ஸ்ரே வேணுமான்னு முடிவு பண்ண டாக்டர்கள் பாக்கற விதி இருக்கு, ஒட்டாவா விதின்னு பேரு. அடிபட்ட உடனேயும் சரி, காட்டும்போதும் சரி, நொண்டியாவது நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னா எக்ஸ்ரே. கணுக்கால் எலும்பு ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டிருக்குல்ல, அதோட பின் ஓரத்துல நுனிலேருந்து ஆறு சென்டிமீட்டர் வரைக்கும் அழுத்திப் பாருங்க, எலும்புலயே வலிச்சா எக்ஸ்ரே. அப்படியே சுண்டுவிரல் பக்கமா வந்தா பாதத்தோட வெளி ஓரம் நடுவுல ஒரு எலும்பு முட்டும், அதுக்கு நேர் உள்பக்கம் பாதவளைவு மேல இன்னொண்ணு, அங்க வலிச்சாலும் எக்ஸ்ரே. இது எதுவும் இல்லன்னா எலும்பு முறிவுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி.

மொதல் ரெண்டு நாள் கால உயர்த்தி வச்சு, கிரேப் பேண்டேஜ் சுத்தி, வலிக்கு ஐஸ துணியில சுத்தி 15, 20 நிமிஷம் வைக்கலாம். சூடு ஒத்தடம், எண்ணெய் போட்டு உருவி விடறது, சுளுக்கெடுக்கறேன்னு இழுக்கறது இதெல்லாம் அப்ப பண்ணா வீக்கம்தான் ஏறும். ஆனா வாரக்கணக்கா படுத்தே கிடக்கவும் கூடாது, தாங்கற அளவுக்கு சீக்கிரம் நடக்க ஆரம்பிங்க. வலி போனதும் எல்லாரும் விடறது பேலன்ஸ் பயிற்சி, பல் தேய்க்கும்போது அடிபட்ட கால்ல மட்டும் நில்லுங்க, ஈஸியானதும் கண்ண மூடிக்கிட்டு நில்லுங்க, பக்கத்துல புடிக்க சுவர் இருக்கட்டும். இதப் பண்ணாதவங்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்ப மடங்கும்.

காலையில எழுந்து மொத அடி வைக்கும்போது குதிகால்ல சுருக்குன்னு குத்தி, கொஞ்ச தூரம் நடந்ததும் குறைஞ்சா அது பெரும்பாலும் ப்ளான்டார் ஃபேஷியைடிஸ், அதாவது உள்ளங்கால்ல குதிகாலோட சேர்ற தடிச்ச பட்டையில வர்ற கோளாறு. எழறதுக்கு முன்னாடியே கால் விரல்கள கையால மேல இழுத்துப் புடிங்க, பத்து பத்து செகண்டா பத்து தடவை, கூடவே கெண்டைக்கால் ஸ்ட்ரெட்ச். சரியாக மாசங்கள் ஆகும், அவசரப்பட்டு வேலையில்ல.

முழங்காலுக்குக் கீழ எலும்போட உள் ஓரத்துல நீளமா ஒரு பட்டையா வலிச்சா ஷின் ஸ்ப்ளின்ட், ஓட்டத்தக் குறைச்சாலே அடங்கும். ஒரே ஒரு புள்ளியில விரல் வச்சா துடிக்குது, ராத்திரி படுத்தாலும் வலிக்குதுன்னா எலும்புல கீறல் இருக்கலாம், ஓடறத அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க, மொத வாரங்கள்ல எக்ஸ்ரேல தெரியாமலும் போகலாம். அடியே படாம ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா வலிச்சா அத தசைப்பிடிப்புன்னு நினைச்சு உருவாதீங்க, ரத்தக்குழாய்ல உறைவா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். அதே மாதிரி ஓடும்போது பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி பட்டுன்னு சத்தம் கேட்டு, திரும்பிப் பாத்தா யாரும் இல்ல, அப்புறம் நுனிக்கால்ல நிக்க முடியலன்னா கெண்டைக்கால் தசைய குதிகாலோட சேர்க்கற தசைநாண், அதாவது அக்கிலிஸ் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளிய தொங்கட்டும், கெண்டைக்கால இன்னொருத்தர அமுக்கச் சொல்லுங்க, பாதம் அசையலன்னா கால ஊனாம நேரா ஆஸ்பத்திரிக்கு. வலி குறைஞ்சு தட்டையா நடக்க முடியுதேன்னு இத விட்டுடறவங்க இருக்காங்க, லேட் ஆக ஆக அறுந்த ரெண்டு முனையும் விலகிப் போய் சேர்க்கறது கஷ்டமாயிடும்.