விதி மாறினால் கணக்கும் மாறும்: ஒரு கிரவுண்டில் முதல்முறை கட்டுகிறவர்களுக்கு

மனை உரிமையாளரோடு கூட்டுச் சேர்ந்து நாலைந்து வீடு கட்டி விற்கலாம் என்று முதல்முறையாக இறங்குகிறீர்களா? கம்பி விலை விசாரிக்கும் முன்னால் விதியைப் பாருங்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்த்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் தேதி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வந்தன. சென்னைக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு வேறு என்று இருந்ததை ஒன்றாக்கிய விதிகள் இவை. அதற்கப்புறம் அரசாணை மேல் அரசாணையாகத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அதனால் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பை நம்பி வரைபடம் போடாதீர்கள். உங்கள் இன்ஜினியரிடம் "கடைசித் திருத்தம் எப்போது வந்தது?" என்று கேளுங்கள். தடுமாறினால் வேறு ஆள் பாருங்கள்.

அடுத்தது எஃப்எஸ்ஐ. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் இது. உயரம் குறைந்த சாதாரணக் கட்டடங்களுக்குச் சென்னையில் முன்பு 1.5, 2019 முதல் 2. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடியில், 3,600 கட்டலாம் என்பது 4,800 ஆகிவிட்டது. ஆனால் 1,200 சதுர அடி கூடிவிட்டதே என்று துள்ள வேண்டாம், செட்பேக்கையும் (மனை எல்லையிலிருந்து கட்டாமல் விட வேண்டிய இடம்) கார் நிறுத்துமிடத்தையும் கழித்துவிட்டு வரைந்து பார்த்தால் சிறிய மனையில் அது முழுதாகக் கைக்கு வருவது கஷ்டம். பெரிய மனை, அகலமான சாலை என்றால் அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ, அதாவது கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கலாம்; சாலை 18 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் வழக்கமான எஃப்எஸ்ஐ-யில் 50 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கும். சாலை அகலத்தைத் தரகர் சொல்லக் கேட்காதீர்கள், டேப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள்.

பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஃப்எஸ்ஐ இடம் கொடுக்கிறது என்பதற்காக அஸ்திவாரமும் இடம் கொடுக்காது. சென்னை நிலநடுக்க மண்டலம் 2-இலிருந்து அபாயம் கூடிய 3-க்கு மாறியதே 2002-இல்தான். ஆர்சிசிக்கு, அதாவது கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, குறைந்தபட்சம் எம்20 என்ற வலிமைத் தரம் வேண்டும் என்று தர விதி வந்தது 2000-இல். அதற்கு முன் கட்டிய வீடு என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தூண்களைச் சோதித்துச் சொல்லாமல் சென்ட்ரிங் ஆளைக் கூப்பிடாதீர்கள்.

அனுமதி எந்த வழியில்? 2024 ஜூலையில், விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நீங்களே சான்றளித்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனிலேயே அனுமதி. அருமையான வசதிதான். ஆனால் ஒரு கிரவுண்டில் இந்த வழியில் போனால் 4,800-இல் 1,300 சதுர அடியை விட்டுக்கொடுக்கிறீர்கள். சொந்தமாகக் குடியிருக்கப் போகிறவருக்கு அது நஷ்டமே இல்லை. விற்கக் கட்டுகிறவர் காத்திருக்கும் மாதங்களுக்கான வட்டியையும் அந்த 1,300 அடியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

அடுத்து நிறைவுச் சான்று, அதாவது அனுமதித்தபடியே கட்டி முடித்ததற்கான சான்று. இது இல்லாமல் மின் இணைப்புக்கு அலைந்தவர்கள் நிறையப் பேர். முன்பு 12 மீட்டர் உயரம், மூன்று வீடு வரைதான் விலக்கு. 2024 திருத்தத்தில் 14 மீட்டர், எட்டு வீடு என்று உயர்த்தினார்கள், மொத்தப் பரப்பு 750 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். நாலு வீடு கட்டும் சின்ன பில்டருக்கு இது பெரிய நிம்மதி. விலக்கு சான்றுக்குத்தான், செட்பேக்கை விழுங்குவதற்கு இல்லை.

கடைசியாக ஒப்பந்தம். சரி, என் கதை. 2018-இல் ஆளுக்குப் பாதி என்று 3,600 சதுர அடிக்குக் கையெழுத்துப் போட்டோம். வேலை தொடங்குவதற்குள் புதிய விதி வந்துவிட்டது. கூடுதல் பரப்பிலும் பாதி வேண்டும் என்றார் உரிமையாளர், அதைக் கட்டும் செலவு முழுக்க என்னுடையதாயிற்றே என்றேன் நான். ஆறு மாதம் பேச்சு. அதுவரை மனையில் வாட்ச்மேன் ஷெட் மட்டும் நின்றது.

இப்போதெல்லாம் ஒரு பத்தி தனியாகச் சேர்க்கிறேன்: விதி மாறிப் பரப்பு கூடினால் யாருக்கு எவ்வளவு, பிரீமியம் கட்டணம் யார் கட்டுவது, திருத்திய வரைபடச் செலவு யாருடையது. பரப்பு குறைந்தால் என்ன என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். "அதெல்லாம் குறையுமா தம்பி?" என்று உரிமையாளர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடட்டும்.